ஆளுயரப் பூ வேண்டுமா? ஹாலிஹாக்கை மட்டும் நம்பாதீர்கள்

ஹாலிஹாக் என்ற நெட்டைப் பூச்செடியை நட ஆசை என்று சொல்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வேலியோரம் ஜனவரியில் எப்படி இருக்கும்? பெரும்பாலும் பதில் வராது. ஜனவரியில் இந்த ஊரில் யார் கொல்லைப்பக்கம் போகிறார்கள்? ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன், டைகார்ட் என்று ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தைச் சுற்றி எங்கே வீடு வாங்கியிருந்தாலும் வானிலை ஒரே கதைதான். அக்டோபரில் பிடிக்கும் மழை மே மாதம் வரை விட்டுவிட்டுத் தூறும். வருஷத்துக்கு ஏறக்குறைய 36 அங்குலம். ஆனால் ஜூலையையும் ஆகஸ்டையும் சேர்த்தால்கூடச் சராசரியாக ஓர் அங்குலத்தை ஒட்டித்தான் வரும். செடி வாங்கப் போகிற எல்லோரும் அந்த ஜூலை வெயிலை நினைத்துப் பயப்படுகிறார்கள். உயரமாக வளரும் ஹாலிஹாக் குடும்பத்துச் செடிகளை இங்கே சாகடிப்பது வெயில் இல்லை. குளிர்காலத்தில் வேரைச் சுற்றித் தேங்கி நிற்கும் தண்ணீர். இதை மனசில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

இரண்டாவது கேள்வி, ஹாலிஹாக்தான் வேண்டுமா என்பது. படத்தில் பார்க்கும்போது அழகுதான். ஏழெட்டு அடி உயரம், கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரியும் பெரிய பூக்கள். ஆனால் மே மாத ஈரத்தில் அதன் அடி இலைகளைத் திருப்பிப் பார்த்தால் செம்பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பொருக்குக் கட்டியிருக்கும். துரு நோய். பக்சீனியா மால்வேசியாரம் என்ற பூஞ்சையின் வேலை. சிலி நாட்டிலிருந்து வந்த இந்தப் பூஞ்சை 1869 வாக்கில் ஐரோப்பாவுக்குள் நுழைந்து, 1873-க்குள் இங்கிலாந்துத் தோட்டங்களையும் பிடித்துவிட்டது. இன்று ஹாலிஹாக் இருக்கும் இடமெல்லாம் இதுவும் இருக்கிறது. பல துரு நோய்களுக்குப் பிழைக்க இரண்டு வெவ்வேறு செடிகள் வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே செடியின் இலையிலேயே பிறந்து, முளைத்து, பக்கத்துச் செடிக்குக் காற்றிலும் நீர்த் தெறிப்பிலும் தாவி, குளிர்காலத்தை அடித்தண்டில் ஒளிந்து கழித்துவிடும். ஈரமான நீண்ட வசந்தம் இதற்குச் சொர்க்கம். நம் வில்லமெட் பள்ளத்தாக்கின் வசந்தம் அப்படிப்பட்டதுதான்.

ஆகவே என் பரிந்துரை, ஹாலிஹாக்கின் சொந்தக்காரர்களைக் கொண்டு வாருங்கள். அதே வடிவப் பூ, அதே நெட்டைக் காம்பு, நோய்த் தொல்லை குறைவு. அவற்றில் சில இந்த வில்லமெட் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்தவை. இந்த மழையும் இந்தக் களிமண்ணும் அவற்றுக்குப் பழக்கம்.

யார் யார் சொந்தம்

வெண்டை, பருத்தி, பூவரசு, செம்பருத்தி, துத்தி, புளிச்சக்கீரை எல்லாம் ஒரே குடும்பம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஹாலிஹாக்கும் அதே குடும்பம்தான். பூவின் நடுவே மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு தண்டு மாதிரி எழுந்து நிற்பதுதான் அடையாளம். கோடைக்கு வந்திருந்த என் மாமியார் கோவில்பட்டிக்காரர். எங்கள் வேலியோரச் செடியில் பூ எல்லாம் முடிந்து காய் பிடித்திருந்த சமயம் அது. ஒரு காயைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "தாயி, இது நம்ம துத்தி ஜாதில்லா? காயைப் பாரு, சக்கரம் மாதிரி" என்றார். பெயர்ப்பலகையைப் பார்க்காமல் காயைப் பார்த்துக் குடும்பத்தைச் சொன்னவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அவர் கையில் இருந்தது செக்கர்மேலோ என்று இங்கே சொல்லப்படும் சிடால்சியா. மேற்கு வட அமெரிக்காவுக்கே உரிய இனம். குட்டி ஹாலிஹாக் என்று நர்சரிக்காரர்கள் விற்பது பெரும்பாலும் இதைத்தான். பூ ஒன்று ஒன்றரை அங்குல அகலம்தான் இருக்கும். ஆனால் ஒரு தூரிலிருந்து பல காம்புகள் எழும்பி ஒரே நேரத்தில் பூக்கும்போது ஹாலிஹாக்கைவிட நிறைவாக இருக்கும். இது என் கட்சி. ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு.

இதில் மூன்று வகையை நட்டால் போதும். முதலாவது சிடால்சியா கேம்பெஸ்ட்ரிஸ். வில்லமெட் பள்ளத்தாக்குக்கு மட்டுமே சொந்தமானது. நல்ல மண்ணில் ஆறடியைத் தொடும். வெளிர் ரோஜா நிறம், சிலது கிட்டத்தட்ட வெள்ளை. மே கடைசியில் தொடங்கி ஜூலை வரை பூக்கும். இரண்டாவது சிடால்சியா ஹெண்டர்சோனி. கடலோர உப்பங்கழிகளிலிருந்து வந்தது. அடர் ரோஜா நிறம், நான்கைந்து அடி. கூட்டத்தில் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடியது இதுதான். உங்கள் பாத்தியில் ஒரு மூலை எப்போதும் சொதசொதவென்று இருக்கிறதென்றால் அந்த மூலை இதற்கு. மூன்றாவது நெல்சன் செக்கர்மேலோ, இரண்டு மூன்று அடி உயரம்தான், நடு வரிசைக்கு ஏற்றது. இதற்கு ஒரு கதை உண்டு. இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பெரும் புல்வெளி. இங்கத்துப் பூர்வகுடிகளான கலப்பூயா மக்கள் ஆண்டுதோறும் கோடை முடிவில் தீ வைத்து, மரம் மூடாமல் அதைத் திறந்தவெளியாகக் காத்து வந்தார்கள். குடியேறிகள் வந்து உழுதபின் புல்வெளி துண்டு துண்டாகிவிட்டது, செடியும் அருகிப்போனது. 1993-இல் கூட்டாட்சி அரசு இதை அழியும் அபாயமுள்ள செடிகளின் பட்டியலில் சேர்த்தது. முப்பது வருஷ நடவு, பராமரிப்புக்குப் பிறகு 2023-இல்தான் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். கார்வாலிஸ் பக்கம் ஃபின்லி வனவிலங்குப் புகலிடத்தில் ஜூனில் போனால் காட்டில் இருக்கிற மாதிரியே பார்க்கலாம். பார்த்துவிட்டு வாருங்கள், ஒரு விதைகூடப் பறிக்காதீர்கள். நாட்டுச் செடி நர்சரிகளில் முறையாக வளர்த்த கன்றே கிடைக்கிறது.

தோட்டக்காரர்கள் கலந்து உருவாக்கிய ரகங்களும் உண்டு. எல்சி ஹ்யூ என்ற ரகத்தின் இதழ் ஓரம் நூல் பிரிந்த மாதிரி கிழிந்திருக்கும், வெளிர் ரோஜா, மூன்றடி. பார்ட்டி கேர்ள் எந்தக் கடையிலும் கிடைக்கும். அழகுக்கு எல்சி ஹ்யூ, உழைப்புக்குப் பார்ட்டி கேர்ள். இன்னொரு விஷயம், உங்கள் வீடு இயற்கைப் புல்வெளியை மீட்டெடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இந்தக் கலப்பு ரகங்கள் வேண்டாம். சிடால்சியாக்கள் ஒன்றோடொன்று சுலபமாகக் கலந்துவிடும்.

உண்மையிலேயே தலைக்கு மேல் பூ வேண்டும் என்பவர்களுக்கு ஐரோப்பியச் சொந்தங்கள் இரண்டு. ஒன்று ஆல்தியா கேன்னபினா. ஆறேழு அடி உயரம், ஆனால் காம்பு மெல்லிசு, பூ சின்னது, ஊடாகப் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். பாத்தியின் முன்வரிசையில் நட்டாலும் மறைக்காது. இன்னொன்று ஹாலிஹாக்கையும் மார்ஷ்மேலோச் செடியையும் சேர்த்து ஹங்கேரியில் உருவாக்கிய ஆல்கால்தியா. பார்க்அலே, பார்க்ஃப்ரீடன், பார்க்ரொண்டெல் என்று மூன்று நிறம். பார்க்அலேயில் பாதி அடுக்குப் பூ, பாலாடை நிறம், நடுவில் ஊதா மகரந்தம். ஜூலையிலிருந்து பனி விழும் வரை பூக்கும், துரு வந்தாலும் லேசாகத்தான் வரும், வருஷா வருஷம் அதே தூரிலிருந்து எழும்பும். விலை கொஞ்சம் கூடுதல். விதை பிடிக்காத செடி, தண்டு வெட்டி வைத்துத்தான் பெருக்க வேண்டும் என்பதால் அப்படி. என் தோட்டத்தில் ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன், நாட்டுச் செடிப் பிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

ஹாலிஹாக்கை விட மனசு வரவில்லையா? அல்சியா ருகோசா என்ற மஞ்சள் பூ வகையைத் தேடுங்கள், அல்லது அத்தி இலை ஹாலிஹாக். சாதாரண ஹாலிஹாக் இரண்டு மூன்று வருஷத்தில் போய்விடும். இவை கூடுதலாக நிலைக்கும், துருவையும் ஓரளவு தாங்கும்.

இடமும் மண்ணும்

ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். தெற்கு பார்த்த வேலி உத்தமம். மேற்கு பார்த்த மரவேலியும் சரிதான். ஆனால் மாலை வெயிலை வேலி வாங்கித் திருப்பி அடிக்கும் என்பதால் வேலியிலிருந்து இரண்டடி தள்ளி நடுங்கள். அந்த இடைவெளி இன்னொன்றுக்கும் உதவும்: காற்று போகும். காற்று போனால் இலை சீக்கிரம் காயும், இலை காய்ந்தால் துரு முளைக்காது. பாத்தியின் அகலம் ஐந்தடிக்குக் குறைந்தால் உயரச் செடி வைக்க வேண்டாம். ஒட்டடைக்கம்பு மாதிரி வரிசையாக நிற்கும், நன்றாக இருக்காது.

வீட்டு முன்பக்கம் நடுவதாக இருந்தால் உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதியை முதலில் படித்துவிடுங்கள். ஆறடிப் பூச்செடியைக் களை என்று எழுதிக் கடிதம் அனுப்பும் சங்கங்கள் உண்டு. எனக்கு ஒன்று வந்தது. அதனால்தான் என் செடி எல்லாம் பின்வேலியில்.

இப்போது மண். நான் பிறந்த கரிசலில் தாத்தா கருங்கண்ணிப் பருத்தி போட்டவர். மழையில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண் அது. இங்கே வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு மிச்சம் வைத்த களிமண்ணுக்கும் அதே குணம். சத்து இல்லாத மண் இல்லை, தண்ணீரை விடாத மண். அதனால் கடப்பாரையை எடுக்கும் முன் ஒரு சோதனை. நடப்போகும் இடத்தில் ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஓர் அளவுகோலை நட்டுப் பாருங்கள். ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் அப்படியே நடலாம். அதற்குக் குறைந்தால் மேடு போட வேண்டும். இந்தச் சோதனையை ஆகஸ்டில் செய்யாதீர்கள். வெடித்த மண் எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். டிசம்பரிலோ பிப்ரவரியிலோ செய்தால் உண்மை தெரியும்.

மேடு என்றால் பலகை அடித்த பெட்டி வேண்டியதில்லை. இருக்கும் மண்ணைக் கார்டன் ஃபோர்க்கால் ஓரடி ஆழம் கிளறி, மேலே மூன்று நான்கு அங்குலம் மக்கிய கம்போஸ்டைப் பரப்பிக் கலந்து, பாத்தி முழுவதும் ஆறேழு அங்குலம் உயர்ந்து நிற்கும்படி வாரி ஏற்றினால் போதும். பாத்தி முழுவதும் என்பதைக் கவனியுங்கள். குழிக்குள் மட்டும் நல்ல மண்ணைப் போட்டுச் சுற்றிலும் களிமண்ணாக விட்டால், மழைக்காலத்தில் அந்தக் குழி தொட்டியாகிவிடும், வேர் அதில் ஊறி அழுகும். களிமண்ணில் மணல் கலப்பதும் வேண்டாம். கொஞ்சமாகக் கலந்தால் காய்ந்ததும் இறுகிப் பாறையாகும், போதுமான அளவு கலக்க லாரி லாரியாக வேண்டும். ஈரமாக இருக்கும்போது மண்ணை மிதிக்கவோ கிளறவோ கூடாது என்பது கரிசல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது நடுவது

கடைகளில் பூத்த செடி வரிசையாக நிற்பது மே, ஜூனில். எல்லோரும் வாங்குவதும் அப்போதுதான். நட ஏற்ற காலம் அக்டோபர். முதல் இரண்டு மழை விழுந்து மண் இளகியபின், குளிர் கடுமையாகும் முன். மேலே ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், கீழே வேர் குளிர்காலம் முழுக்க ஓடும். அக்டோபரில் நட்ட கன்றுக்கும் மே மாதம் நட்ட கன்றுக்கும் வித்தியாசம் முதல் ஜூலையில் தெரிந்துவிடும். முன்னதற்கு வாரத்துக்கு ஒரு தண்ணீர் போதும், பின்னதற்குத் தினமும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆனால் சிடால்சியாவைப் பூவில் பார்த்து வாங்க ஒரு காரணம் உண்டு. இதில் சில செடிகளில் இருபால் பூ, சில செடிகளில் பெண் பூ மட்டும். பெண் பூ சிறியது. விதையிலிருந்து வளர்த்த கன்றுகளில் எது எப்படி என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஜூனில் போய்ப் பெரிய பூ உள்ளதாகப் பார்த்து வாங்கி, தொட்டியிலேயே மதிய வெயில் படாத இடத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, அக்டோபரில் நடுங்கள். விதை வேண்டும் என்றால் இரண்டு விதமும் கலந்து நடுங்கள்.

இடைவெளி சிடால்சியாவுக்கு ஒன்றரை அடி, ஆல்கால்தியாவுக்கும் ஹாலிஹாக்குக்கும் மூன்றடி. மூன்று, ஐந்து என்று ஒரே வகையைக் கூட்டமாக வைத்தால்தான் தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும். தூரின் தலை மண் மட்டத்துக்கு அரை அங்குலம் மேலேயே இருக்கட்டும், புதைக்காதீர்கள். மூடாக்கு இரண்டு அங்குலம் போதும், அதுவும் தூரை விட்டு ஒரு சாண் தள்ளி. பாத்தியில் ஓரிடத்தில் கொஞ்சம் வெறும் மண்ணாகவும் விட்டுவையுங்கள். டயடாசியா என்ற தனித்து வாழும் தேனீக்களில் சில இனங்கள் குஞ்சுகளுக்கு இந்தக் குடும்பத்துப் பூக்களின் மகரந்தத்தையே சேர்க்கும். அவை கூடு கட்டுவது தரையில். வளைவாயில் மண்ணால் சின்னப் புகைபோக்கி மாதிரி எழுப்பியிருக்கும். மரத்தூளை அரையடி கொட்டி மூடிவிட்டால் அவை எங்கே போகும்?

விதை போடுவதானால் அதுவும் அக்டோபர், நவம்பர்தான். சின்னத் தொட்டியில் தூவி, கால் அங்குலம் மண் மூடி, எலியும் பறவையும் கிளறாமல் கம்பிவலை போட்டு வெளியே மழையில் விட்டுவிடுங்கள். குளிரும் ஈரமும் சேர்ந்து விதையின் உறக்கத்தைக் கலைக்கும். பிப்ரவரி, மார்ச்சில் முளைக்கும். முதல் வருஷம் வெறும் இலைதான், பூ இரண்டாம் வருஷம். பொறுமை இல்லாதவர்கள் கன்று வாங்குங்கள்.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் போக முடியாது. கிழக்கே கேஸ்கேட் மலைக்கு அந்தப் பக்கம் இலியாம்னா ரிவுலாரிஸ் என்று ஒரு செடி, மலை ஹாலிஹாக் என்பார்கள். ஐந்தாறு அடி, மேப்பிள் மாதிரி இலை, வெள்ளையும் ரோஜாவும் கலந்த பூ. அதன் விதை ஓடு அவ்வளவு கெட்டி, காட்டுத்தீயின் சூடு பட்டால்தான் திறக்கும். அதுவரை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் கிடக்கும். தீ போன மறு வருஷம் கரிந்த சரிவெல்லாம் இதுதான் பூத்து நிற்கும். வீட்டில் தீ வைக்க முடியாது. கொதித்து இறக்கிய தண்ணீரை விதை மேல் ஊற்றி, அப்படியே ஆறவிட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து மறுநாள் விதையுங்கள். உப்பி இருப்பவை முளைக்கும். வெண்டை விதையை ஊறப்போட்டுப் பழகிய கைக்கு இது புதிதல்ல, தண்ணீரின் சூடுதான் வித்தியாசம்.

தண்ணீர், முட்டு, கத்தரி

முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வாரம் ஒருமுறை ஆழமாக விடுங்கள். தூரைச் சுற்றிக் கசிவுநீர்க் குழாயைப் போட்டு ஒரு மணி நேரம். இலையில் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கூடவே கூடாது, துருவுக்கு அழைப்பு அது. மூன்றாம் வருஷத்திலிருந்து நாட்டு வகைகள் தானே பார்த்துக்கொள்ளும். பூத்து முடித்ததும் அடி இலை பழுத்துக் காய்ந்து தூங்கப் போகும், செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். ஆகஸ்டில் மறுபடி பூ வேண்டுமானால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். 2021 ஜூன் 28 அன்று போர்ட்லாந்தில் 116 டிகிரி ஃபாரன்ஹீட் அடித்ததே, அந்த வெயிலில் எங்கள் செடிகளின் பூவும் மேல் இலையும் பொசுங்கிப் பழுப்பானது. தூர் ஒன்றுகூடப் போகவில்லை. இலையுதிர்கால மழையில் எல்லாம் துளிர்த்துவிட்டன. அதற்கு முந்தைய ஒரு குளிர்காலத்தில் தாழ்வான மூலையில் தண்ணீர் நின்றபோது போன செடிகள் திரும்பவே இல்லை. நான் முதலில் சொன்னதற்குச் சாட்சி இதுதான்.

உரம் போடாதீர்கள். மார்ச்சில் ஓர் அங்குலம் கம்போஸ்ட், அவ்வளவுதான். தழைச்சத்து கூடினால் காம்பு நீளும், பலம் இருக்காது, ஜூன் மழை ஒன்றுக்கே சாய்ந்துவிடும். முட்டுக் கொடுப்பதைச் செடி சாய்ந்தபின் செய்வது வீண்வேலை. ஏப்ரலில் செடி ஓரடி இருக்கும்போதே, வெட்டிய ஹேசல் கிளையோ ஆப்பிள் கிளையோ கவடு கவடாக இருப்பதைச் சுற்றிலும் குத்திவையுங்கள். செடி அதற்குள் புகுந்து வளர்ந்து கிளையை மறைத்துவிடும். ஆல்கால்தியாவுக்கும் ஹாலிஹாக்குக்கும் ஆறடி மூங்கில் தேவைப்படும். கட்டும்போது எட்டு வடிவில் சுற்றி, கம்புக்கும் தண்டுக்கும் நடுவில் இடம் விடுங்கள். ஆல்தியா கேன்னபினா காற்றில் ஆடும், விழாது, அதை அதன் போக்கில் விடுங்கள்.

சிடால்சியாவின் முதல் பூக்காம்பில் முக்கால்வாசி உதிர்ந்ததும் அடியிலிருந்து அரையடி விட்டு வெட்டுங்கள். பக்கத்திலிருந்து கிளைத்து ஆகஸ்டு, செப்டம்பரில் குட்டையாக இன்னொரு முறை பூக்கும். விதை வேண்டும் என்பவர்கள் இரண்டு மூன்று காம்பை விட்டுவையுங்கள். ஆனால் காயைப் பிரித்துப் பார்க்கும்போது ஓட்டையாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சிடால்சியா விதையையே தின்று வாழும் சின்னக் கூன்வண்டு ஒன்று உண்டு. அதுவும் இந்த மண்ணைச் சேர்ந்ததுதான், செடிக்குக் கெடுதல் இல்லை. மருந்து அடிக்காமல், கொஞ்சம் அதிகமாகக் காய் சேகரித்து, நல்ல விதையைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். இலையைச் சுருட்டி உள்ளே இருக்கும் முள்முள்ளான புழுவையும் நசுக்காதீர்கள், வெஸ்ட் கோஸ்ட் லேடி வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது இந்தக் குடும்பத்து இலைகளில்தான்.

எதிரிகள்

ஓடில்லா நத்தைதான் முதல் எதிரி. பிப்ரவரியில் துளிர் எட்டிப் பார்க்கும்போதே ராத்திரியோடு ராத்திரியாக மொட்டையடித்துவிடும். இரும்பு பாஸ்பேட் குருணையைத் தூவுங்கள், குவிக்காமல் அங்கங்கே. மெட்டால்டிஹைட் கலந்தது நாய்க்கு விஷம், வேண்டாம். முயலும் மானும் வரும் இடமென்றால் முதல் வருஷம் கம்பிவலை.

துருவுக்கு மருந்தைவிடக் கைதான் வேலை செய்யும். ஏப்ரலிலிருந்து வாரம் ஒருமுறை அடி இலையைத் திருப்பிப் பாருங்கள். பொருக்கு தெரிந்தால் அந்த இலையைக் காம்போடு கிள்ளிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், வீட்டுக் கம்போஸ்டில் போடாதீர்கள். கூடவே புல்தரையில் பரவிக் கிடக்கும் மால்வா நெக்லெக்டா என்ற களையையும் வேரோடு பிடுங்குங்கள். வட்ட இலை, வெளிர் ஊதா சின்னப் பூ, தட்டையான சக்கரக் காய். துரு அதில் தங்கிக்கொண்டுதான் பாத்திக்கு வருகிறது. பலர் ஹாலிஹாக்குக்கு மருந்தடித்துக்கொண்டே இந்தக் களையை ஐந்தடி தள்ளி வளர்த்துக்கொண்டிருப்பார்கள்.

நவம்பரில் வெட்டுவதில் இரண்டு கட்சி உண்டு. எல்லாவற்றையும் தரையோடு வெட்டிச் சுத்தமாக்கு என்பது ஒன்று, தண்டுக்குள் தேனீ கூடு கட்டும், விட்டுவை என்பது இன்னொன்று. நான் செடியைப் பார்த்து முடிவு செய்வேன். துரு வந்த செடியை அடியோடு வெட்டி அப்புறப்படுத்திவிடுவேன். சுத்தமான சிடால்சியாவின் தண்டை ஓரடி விட்டுவைப்பேன்.

ஜப்பான் வண்டைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். பச்சையும் செம்பும் கலந்து பளபளக்கும், அரை அங்குலத்துக்கும் குறைவு, ஹாலிஹாக் குடும்பம் என்றால் உயிர். ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் இருக்கும் வாஷிங்டன் கவுன்டியில் மாநில வேளாண் துறை 2017-இல் வீடு வீடாகப் புல்தரைக்கு மருந்து போட்டு அதை ஒழிக்கும் வேலையைத் தொடங்கியது. பூவில் ஒன்றைப் பார்த்தாலும் படம் எடுத்துத் துறைக்கு அனுப்புங்கள்.

பிரித்து நடுதல்

நான்கு வருஷத்துக்கு ஒருமுறை கலப்பு ரகச் சிடால்சியாக்களின் நடுத்தூர் காய்ந்து, ஓரத்தில் மட்டும் துளிர் வரும். மார்ச் தொடக்கத்தில், துளிர் இரண்டு அங்குலம் இருக்கும்போது தூரை முழுசாகக் கிண்டி எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் வேரும் மூன்று நான்கு துளிரும் இருக்கும்படி ஓரங்களைப் பிரித்து நடுங்கள். நடுப்பகுதியைத் தூக்கிப் போட்டுவிடலாம். கேம்பெஸ்ட்ரிஸை இப்படிக் கிண்டி எடுப்பதைவிட விதை போடுவது சுலபம். ஹாலிஹாக்கை ஆணிவேர் இறங்கியபின் தொடவே கூடாது. ஆல்கால்தியாவுக்கு ஏப்ரலில் அடியிலிருந்து வரும் நான்கு அங்குலத் துளிரைத் தூரோடு ஒட்டி வெட்டி, பாதிக்குப் பாதி பெர்லைட் கலந்த மண்ணில் நட்டு, மேலே பிளாஸ்டிக் உறை மூடி நிழலில் வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும்.

பிரித்ததில் மிஞ்சியதை நண்பர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் மண்ணோடு கொடுக்காதீர்கள். ஜப்பான் வண்டின் புழு இருப்பது மண்ணில்தான். ஒரு வாளித் தண்ணீரில் வேரை நன்றாக அலசி, ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டு, வகையின் பெயரையும் உயரத்தையும் எழுதி ஒட்டிக் கொடுங்கள். அன்றைக்கே நட வேண்டும், முடியாவிட்டால் மறுநாள் காலைக்குள்.